வடுவும் நிழற்படமும்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நமது சங்கச் செயலாளர் கேட்டபொழுது, வழக்கம்போல இருப்புப்பாதையின் வரலாற்றையோ சோழர் கோயில்களையோ பற்றி எழுதித் தருவேன் என்றே அவர் எண்ணியிருப்பார். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு இரயில்வே எழுத்தர் வேலைக்கு வந்துவிட்ட எனக்கு, எந்தத் துறையிலும் புலமை உண்டு என்று சொல்லிக்கொள்ளும் தகுதி இல்லை. ஆயினும் சென்ற சில ஆண்டுகளாக ஒரு பொருளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வந்திருக்கிறேன். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள், தங்கள் வடுவை மறைக்காமல் நிழற்படக் கருவியின் முன் நின்ற வரலாறே அது.

பொருளைக் கேட்டவுடன் மலர்க் குழுவிலுள்ள அன்பர் ஒருவர் சற்றே தயங்கினார். குடும்பத்தார் அனைவரும் படிக்கும் மலர் ஆயிற்றே, "மார்பகம்" என்ற சொல்லை நீக்கிவிட்டு "ஒருவகை நோய்" என்று எழுதலாகாதா என்றார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையாருக்கு இந்நோய் கண்டபொழுது எங்கள் வீட்டிலும் நாங்கள் அப்படித்தான் பேசினோம். ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்டவர்களுக்கு "ஒரு சின்னக் கட்டி, எடுத்துவிட்டார்கள்" என்றோம். எங்கே கட்டி என்று அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இந்தத் தயக்கத்திற்கும் ஒரு வரலாறு உண்டு என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நிழற்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டது 1839ஆம் ஆண்டில். அதற்கு முன்னரே, ஒரு பெண்மணி எழுத்தால் தம்மைத் தாமே படம் பிடித்து வைத்திருக்கிறார். ஆங்கில நாவலாசிரியை பான்னி பர்னி அம்மையாருக்கு 1811 செப்டம்பரில் பாரிஸ் நகரில் அறுவை நடந்தது. கத்தி எடுத்தவர் நெப்போலியனின் படை மருத்துவர் லாரே. மயக்க மருந்து ஐரோப்பாவில் புழக்கத்திற்கு வராத காலம். கறுப்பு உடை அணிந்த ஆடவர் எழுவர் அறைக்குள் நுழைந்ததையும், தம் முகத்தின் மீது ஒரு மெல்லிய கைக்குட்டை விரிக்கப்பட்டதையும், அத்துணியினூடே எஃகின் பளபளப்பைத் தாம் கண்டதையும் பல மாதங்கள் கழித்துத் தம் சகோதரிக்குக் கடிதமாக எழுதினார். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும் துணிவு அவருக்கு இல்லையாம். அதன்பின் ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்து, நிழற்படம் பிறந்ததற்கு மறு ஆண்டான 1840இல் மறைந்தார். முகத்தை மூடிய அந்தக் கைக்குட்டையை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் வந்த மருத்துவ நூல்களிலும் இந்நோயாளிகளின் படங்கள் அச்சாயின. அவற்றில் மார்பு தெரியும். முகம் தெரியாது, அல்லது கண்களின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். படத்தில் உள்ள உடல் யாருடையது என்பது யாருக்கும் தேவைப்படவில்லை.

அமெரிக்காவில் பால்டிமோர் நகர மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1882இல் தொடங்கி, 1894இல் ஐம்பது நோயாளிகளைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். மார்பகத்தை மட்டும் எடுத்தால் நோய் திரும்பி வருகிறது. ஆதலால் அதன் அடியிலுள்ள தசையையும் அக்குளிலுள்ள நெறிக்கட்டிகளையும் சேர்த்தே அகற்ற வேண்டும் என்பது அவர் கொள்கை. (அறுவைக் கூடத்தில் ரப்பர்க் கையுறையைப் புகுத்தியவரும் இவரே. மருந்து பட்டுக் கை புண்ணான ஒரு செவிலிக்காகச் செய்வித்தார். பின்னர் அவரையே மணந்துகொண்டார்.) பிழைத்தவர்கள் பிழைத்தார்கள். ஆனால் மார்பு குழிந்து, விலா எலும்பு தோலோடு ஒட்டி, பலருக்குக் கை வீங்கி, தூக்கிய கையை முழுதும் உயர்த்த இயலாமல் வாழ்ந்தார்கள். முக்கால் நூற்றாண்டுக் காலம் இதுவே வழக்கமாக இருந்தது. இதில் மற்றொரு கொடுமையும் சேர்ந்துகொண்டது. கட்டியைச் சோதிப்பதற்காக மயக்கத்தில் ஆழ்த்தப்பட்ட பெண், அது புற்றுநோய் என்று தெரிந்தால் அதே மயக்கத்தில் மார்பகத்தையும் இழந்துவிடுவாள். கண் விழித்துத் தடவிப் பார்த்துத்தான் என்ன நடந்தது என்று அறிய வேண்டும்.

பிட்ஸ்பர்க் நகர மருத்துவர் பெர்னார்ட் பிஷர் 1971லும் 1976லும் தொடங்கிய ஆராய்ச்சிகள் இந்த வழக்கத்தை அசைத்தன. கட்டியையும் அதைச் சூழ்ந்த சிறிது தசையையும் மட்டும் அகற்றிக் கதிர் மருத்துவம் செய்தாலும், உரிய நிலையிலுள்ள நோயாளிகளின் ஆயுள் குறைவதில்லை என்று 1985இல் வெளியான முடிவுகள் காட்டின. இத்தாலியில் வெரோனேசி என்பாரும் இதே முடிவுக்கு வந்தார். இதை விரித்து எழுத எனக்குத் தகுதியில்லை. நிழற்படத்திற்கு வருகிறேன்.

1950களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஒரு பெண்மணி, இந்நோயிலிருந்து மீண்டவர்களின் கூட்டத்தைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் நாளேட்டில் விளம்பரம் கொடுக்க விரும்பினாராம். "மார்பகம்" என்ற சொல்லையும் "புற்றுநோய்" என்ற சொல்லையும் அச்சிட இயலாது. வேண்டுமானால் "நெஞ்சுச் சுவர் நோய்கள்" என்று போட்டுக்கொள்ளலாம் என்று விடை வந்ததாக, டில்லியில் பிறந்து அமெரிக்காவில் மருத்துவராக விளங்கும் சித்தார்த்த முகர்ஜி 2010இல் வெளியிட்ட நூலில் கூறுகிறார். நமது மலர்க் குழு அன்பர் தனித்து நிற்கவில்லை என்பதற்காகவே இதைச் சொன்னேன். அந்த நாளேட்டை மீண்டும் சந்திப்போம்.

திரை சற்று விலகியது 1974இல். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக போர்டு பதவியேற்று இரண்டு மாதங்கூட ஆகவில்லை. செப்டம்பர் 28ஆம் நாள் அவர் மனைவி பெட்டி போர்டு அம்மையாருக்கு அறுவை நடந்தது. இன்ன நோய், இன்ன சிகிச்சை என்று மறைக்காமல் நாட்டிற்கு அறிவித்தார்கள். மருத்துவமனையில் வீட்டு அங்கியுடன், நூறு செனட்டர்களும் ஒப்பமிட்ட வாழ்த்தைக் கணவருடன் சேர்ந்து அம்மையார் படிக்கும் படம் வெளியாயிற்று. சில வாரங்களில் துணைத்தலைவராக நியமனம் பெற்றிருந்த ராக்பெல்லரின் மனைவிக்கும் இந்நோய் இருப்பது தெரியவந்தது. நாடெங்கும் பெண்கள் சோதனைக்காக வரிசையில் நின்றார்கள். அப்படத்தில் வடு இல்லை. முகம் இருந்தது, நோயின் பெயர் இருந்தது. அந்நாளில் அதுவே பெரிது.

வடுவை மறைத்துக்கொள்வது ஒரு கடமையாகவே கருதப்பட்டது. 1952இல் அறுவைக்கு உள்ளான திரீஸ் லாசர் என்னும் அம்மையார், பிற நோயாளிகளைப் படுக்கையருகே சென்று கண்டு, கைப்பயிற்சி சொல்லிக்கொடுத்து, உடைக்குள் வைத்துக்கொள்ளும் செயற்கைத் திண்டு ஒன்றையும் அளித்து வந்தார். எத்தனையோ பெண்களுக்கு அது ஆறுதலாக இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் 1978இல் ஒரு மார்பகத்தை இழந்த கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்டு அத்திண்டை மறுத்தார். அது இல்லாமல் மருத்துவரைக் காணச் சென்றபோது, "இப்படி வந்தால் மற்ற நோயாளிகளின் மனம் தளரும்" என்னும் பொருள்பட அங்கிருந்த செவிலி கடிந்துகொண்டாராம். 1980இல் வெளியிட்ட தம் நூலில் லார்டு ஒரு கேள்வி கேட்கிறார்: இஸ்ரேலின் மோஷே தயான் ஒற்றைக் கண்ணைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு உலகெங்கும் சென்றாரே, அவரைக் கண்ணாடிக் கண் பொருத்திக்கொண்டு வரும்படி யாரேனும் சொன்னார்களா? போரில் பெற்ற காயம் என்று மதித்தார்கள் அல்லவா?

இவ்விடத்தில் தமிழராகிய நமக்குக் கண்ணகி நினைவிற்கு வராமல் இரார். இடமார்பைத் தன் கையாலேயே திருகி எறிந்து மதுரையை எரித்தவளைத் தெய்வமாக வணங்கினோம். சேரன் கல்லெடுத்துக் கோயில் சமைத்தான் என்று படித்தோம். 1968இல் சென்னைக் கடற்கரையில் சிலையும் நாட்டினோம். ஆயினும் கண்ணகி என்றவுடன் நாம் நினைப்பது கையிலுள்ள சிலம்பைத்தான். மற்றதைப் பள்ளியில் வாத்தியார் விரைந்து கடந்து சென்றுவிடுவார். எனக்கும் அப்படித்தான் நடந்தது.

வடுவைத் துணிந்து காட்டிய படங்களில் மிகப் பழையதும் மிகப் புகழ் பெற்றதுமான ஒன்று, லாஸ் ஏஞ்சலீஸ் நகர எழுத்தாளர் டீனா மெட்ஸ்கருடையது. 1977இல் அவர் ஒரு மார்பகத்தை இழந்தார். அறுவைத் தழும்பின் மீதே இலையோடு கூடிய ஒரு கிளையைப் பச்சை குத்திக்கொண்டார். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஹெல்லா ஹாமிட் என்னும் பெண்மணி படம் எடுத்தார். வானம் பின்னணி, இரு கைகளையும் அகல விரித்து, முகத்தை உயர்த்தி நிற்கிறார் மெட்ஸ்கர். ஹால்ஸ்டெட் காலத்துப் பெண்கள் கையை உயர்த்த முடியாமல் வாழ்ந்ததைப் படித்துவிட்டு இப்படத்தைக் கண்டால், விரித்த அந்தக் கைகளின் மீதுதான் நம் கண் முதலில் செல்லும். சுவரொட்டியாக அச்சிடப்பட்டுப் பல நாட்டுப் பெண்களின் இல்லங்களைச் சென்றடைந்த படம் இது.

இங்கிலாந்தின் ஜோ ஸ்பென்ஸ் வேறு வகையினர். 1934இல் இலண்டனில் பிறந்தவர். ஒரு காலத்தில் கடைவீதியில் ஸ்டூடியோ நடத்தித் திருமணப் படங்களும் குடும்பப் படங்களும் எடுத்துப் பிழைத்தவர். எனவே குடும்ப ஆல்பம் என்பது எப்படித் தயாராகிறது என்று அவருக்கு நன்கு தெரியும். 1979இல் நடந்த ஒரு கண்காட்சியில், நம் ஆல்பங்களில் திருமணமும் குழந்தையும் சுற்றுலாவும்தான் இருக்கின்றன. நோயும் சண்டையும் வேலையும் ஏன் இல்லை என்று கேட்டு, தம் சொந்தப் படங்களையே வரிசையாக வைத்துக் காட்டினார். நான் இதைப் படித்த இரவு, எங்கள் வீட்டு ஆல்பத்தை எடுத்துப் புரட்டினேன். அக்காளின் திருமணப் படம் உண்டு. அத்தான் கார்டு வேலையில் சேர்ந்தபோது சீருடையோடு எடுத்த படம் உண்டு. அந்த ஆறு ஆண்டுகளுக்குப் பின் அக்காள் இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை.

1982இல் ஸ்பென்ஸுக்கு இந்நோய் கண்டது. மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபோது வெள்ளை அங்கி அணிந்த இளம் மருத்துவர் ஒருவர் மாணவர் புடைசூழ வந்து, குனிந்து, அவருடைய இடப்புறத்தில் மையால் ஒரு பெருக்கல் குறி இட்டாராம். அதை எடுத்துவிடப் போவதாகவும் சொன்னாராம். ஸ்பென்ஸ் மறுத்தார். கட்டியை மட்டும் எடுக்கவே இசைந்தார். அறுவைக்குச் செல்லுமுன், தம் மார்பகத்தின் மீது, இது ஜோ ஸ்பென்ஸின் உடைமை என்று எழுதி, இறுதியில் ஒரு கேள்விக்குறியும் போட்டு, நண்பர் டெர்ரி டென்னெட்டைப் படம் எடுக்கச் செய்தார். அந்தக் கேள்விக்குறியே படத்தின் உயிர் என்று எனக்குத் தோன்றுகிறது. என்னுடையதுதான் என்று முழக்கமிட்டிருந்தால் நாமும் கைதட்டிவிட்டுப் போயிருப்போம். மருத்துவமனைக்குள்ளும் அவர் கருவியைக் கொண்டுசென்றார். படுக்கையில் இருந்தபடியே, சுற்றி வரும் மருத்துவர் கூட்டத்தைத் தாம் படம் எடுத்தார். கதிர்ப்படச் சோதனைப் பொறியின் தட்டுகளுக்கிடையே தம் மார்பு அழுத்தப்படுவதையும் படம் ஆக்கிக்கொண்டார். நோயாளியை மருத்துவர் படம் எடுத்த காலம் போய், மருத்துவரை நோயாளி படம் எடுத்தார். 1992இல் வேறொரு வகைப் புற்றுநோயாகிய இரத்தப் புற்றுநோயால் இறந்தார். இறுதி நாட்களிலும் படம் எடுப்பதை விடவில்லை.

இனி, முன்னர் சொன்ன நாளேட்டிற்கு வருவோம். 1993 ஆகஸ்டு 15, ஞாயிற்றுக்கிழமை. நாம் இங்கே கொடியேற்றி இனிப்பு வழங்கிக்கொண்டிருந்த நாள். அன்று வெளியான நியூயார்க் டைம்ஸ் ஞாயிறு மலரின் அட்டையில் ஒரு பெண் நின்றாள். தலையில் வெண்துணி சுற்றியிருந்தாள். மேனியில் நீண்ட வெள்ளை உடுப்பு. முகம் ஒருபுறமாகத் திரும்பியிருந்தது. உடுப்பின் வலப்புறம் மட்டும் வெட்டித் திறந்திருந்தது. மார்பகம் இருக்க வேண்டிய இடத்தில் குறுக்கே ஓடும் தழும்பு. இனியும் முகத்தைத் திருப்பிக்கொள்ள இயலாது என்னும் பொருள்படத் தலைப்பு இட்டிருந்தார்கள். மட்டூஷ்கா என்ற ஒற்றைப் பெயரால் அறியப்பட்ட அவர் முன்னாளில் விளம்பர மாதிரியாக இருந்தவர். நிழற்படக் கலைஞரும் ஆவார். 1991இல் அறுவைக்கு உள்ளானார். அப்படத்தை எடுத்தவரும் அவரே. பத்திரிகை அலுவலகத்தில் கடிதங்கள் குவிந்தன. பாராட்டியவர் பலர்; காலைச் சிற்றுண்டி வேளையில் இதைக் காட்டலாமா என்று சினந்தவர்களும் உண்டு. "நெஞ்சுச் சுவர் நோய்" என்று எழுதச் சொன்னதாகக் கூறப்படும் ஏட்டிற்கு, சுமார் நாற்பது ஆண்டுகளில் இவ்வளவு தூரம் வர முடிந்தது.

அப்படத்திற்கு அவர் இட்ட பெயர் "சேதத்திலிருந்து அழகு" என்று தமிழில் வரும். இரயில்வேயில் முதல் பத்து ஆண்டுகள் பார்சல் ஆபீசில் கழித்தவன் நான். "சேதம்" என்பது நாள்தோறும் என் பேனா எழுதிய சொல். பெட்டி உடைந்து வந்தால், எடை குறைந்து வந்தால், "சேதமடைந்த நிலையில் பெறப்பட்டது" என்று பேரேட்டில் பதிந்துவிட்டு ஓரமாக ஒதுக்கி வைப்போம். உரியவர் வந்து பெற்றுச் செல்லத் தயங்குவார். அச்சொல்லை ஒரு பெண் தன் படத்திற்குத் தானே பெயராகச் சூட்டிக்கொண்டாள் என்று படித்தபோது எனக்குச் சிறிது நேரம் மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

பிறகு இத்தகைய படங்கள் பெருகின. 1996இல் ஆர்ட் மையர்ஸ் என்பார் ஒரு படநூலை வெளியிட்டார். அவர் மருத்துவரும் ஆவார், நிழற்படக்காரரும் ஆவார். பாரிஸ் அருங்காட்சியகத்தில் தலையும் கைகளும் இன்றி நிற்கும் பழங்கிரேக்கச் சிலையாகிய சிறகுடைய வெற்றித் தேவியின் பெயரையே நூலுக்கு இட்டார். உறுப்புக் குறைந்த அச்சிலையை உலகமே அழகு என்று வியக்கிறது அல்லவா!

டேவிட் ஜே என்னும் நியூயார்க் நிழற்படக்காரர் நவநாகரிகப் பத்திரிகைகளுக்கு அழகிகளைப் படம் எடுத்து வந்தவர். அவருக்கு அணுக்கமான தோழி ஒருவருக்கு 29ஆம் வயதில் இந்நோய் கண்டது. அவரைப் படம் எடுத்ததில் தொடங்கி, 18 முதல் 35 வயதுவரையுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களை ஆளுயரப் படங்களாக எடுத்தார். 2010இல் நியூயார்க்கில் முதற் கண்காட்சி நடந்தது. இப்படங்களில் எவரும் புன்னகை செய்யுமாறு கட்டாயப்படுத்தப்படவில்லை. ஒருத்தி கருவுற்றிருக்கிறாள்; வயிற்றின் மேலே இருபுறமும் தழும்பு. படம் எடுக்கப்பட்ட சிலர் பின்னர் இறந்தும் போனார்கள். இந்நோய் என்றால் இளஞ்சிவப்பு நாடாவும் வாழ்த்து முழக்கமும் மட்டுமல்ல என்பதை அவர் வெளிப்படையாகவே கூறினார். வீரம், வெற்றி என்று மட்டும் பேசினால், இறந்தவர்கள் வீரம் குன்றியவர்களா என்ற கேள்வி எழும். எங்கள் அக்காளுடன் சிகிச்சை பெற்ற ஒருவர் இன்று இல்லை. அவர் எவரினும் தைரியசாலி.

இப்படங்களுக்குத் தடையும் வந்தது. ஆபாசம் என்ற பெயரில் பேஸ்புக் நிறுவனம் அவற்றுள் சிலவற்றை அகற்றியது. மீண்ட பெண்களும் பிறருமாக 20,000 பேருக்கு மேல் ஒப்பமிட்டு முறையிட்டனர். 2013 ஜூன் மாதத்தில் இத்தழும்புப் படங்கள் ஆபாசத்தில் சேரா என்று அந்நிறுவனம் தெளிவுபடுத்திற்று.

நம் நாட்டிற்கு வருவோமாயின், இந்நோயைப் பற்றி வாய்திறந்து பேச வைத்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரே, 1954இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கச் செய்தது. அதற்கு முன்பே, 1941இல் பம்பாய் பரேலில் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டிருந்தது. இன்று இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மிகுதியானது மார்பகப் புற்றுநோய்தான். 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 23 லட்சம் பெண்களுக்குப் புதிதாகக் கண்டறியப்பட்டது. இப்பொழுது முன்பதிவு அலுவலகத்தில் இருக்கும் எனக்கு இந்த எண்ணிக்கை வியப்பாக இல்லை. சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிகளுக்கு இரயில்வே அளிக்கும் கட்டணச் சலுகைப் படிவங்கள் என் கையில் அடிக்கடி வருகின்றன. நோயாளியைப் பெரும்பாலும் நான் காண்பதில்லை. படிவத்தை நீட்டுபவர் கணவரோ மகனோ. படிவத்தை மடித்துத்தான் நீட்டுவார்கள்.

எங்கள் அக்காளைப் பற்றி நமது காலனியில் அறியாதவர் இலர். இங்குள்ள பெண்மணிகள் பலருக்கும் ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். அறுவைக்குப் பின் தம் ரவிக்கைக்குள் பஞ்சும் துணியும் வைத்துத் தாமே ஒரு திண்டு தைத்துக்கொண்டார். சென்ற ஆண்டு விழாவில் கோலப் போட்டியில் பரிசு பெற்றபோதுகூட, படம் எடுக்கும் வேளையில் மேடைக்குப் பின்புறம் சென்றுவிட்டார். சென்ற மலரில் பரிசு பெற்ற மூவரில் இருவரின் படமே இருப்பதைக் கண்டு அச்சுப் பிழை என்று கருதியவர்களும் உண்டு.

இக்கட்டுரைக்காகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது, 1993ஆம் ஆண்டு அட்டைப் படத்தை அக்காளிடம் காட்டலாமா கூடாதா என்று இரண்டு வாரம் தயங்கினேன். அத்தானிடம் கேட்டேன், "உன் அக்காளிடமே கேள்" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டார். ஒரு ஞாயிறு மாலை, தையல் பொறியின் முன் அமர்ந்திருந்தவரிடம் படத்தை நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு நெடுநேரம் பார்த்தார். நான் ஏதேதோ விளக்கம் சொல்லத் தொடங்கினேன், கையால் அமர்த்திவிட்டார். விரலை அப்படத்தின் வலது தோளின் மீது வைத்து, வெட்டு முடியும் இடம்வரை மெல்ல ஓட்டினார்.

"இது கிழிச்ச துணி இல்லடா. அளவெடுத்து, ஓரம் மடிச்சுத் தச்சிருக்காங்க பாரு" என்றார்.

வேறொன்றும் சொல்லவில்லை. படத்தைத் திருப்பித் தராமல், ஊசிப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு, பாதியில் நின்ற தையலைத் தொடர்ந்தார்.